நாலரையிலிருந்து ஆறு

வாங்கண்ணி, இப்படி ஃபேனுக்கடியில உக்காருங்க. ஆம்பளைங்க கோழிப்பண்ணை பாத்துட்டு வர சித்தெ நேரமாகும். எங்கூட்டுக்காரரு ஒரு ஷெட்டையும் விட மாட்டாரு, ஒவ்வொண்ணாத் தொறந்து காட்டித்தான் கூட்டியாருவாரு. எம்பையன் தரணியும் கூடப் போயிருக்கான். அதுக்குள்ள நாம பொம்பளைங்க ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசிக்கலாம். சம்பந்தின்னு கூப்புடறதுக்கு இன்னும் நேரம் வரலீங்க, தட்டு மாத்துனாத்தான அது. இருந்தாலும் மொறைக்கு அண்ணின்னே கூப்புடறனுங்க. மணி இப்ப நாலு. நாலரைக்கு ராகு காலம் வந்துருமுங்க. அதுக்குள்ள உங்க வாயில இருந்து ஒரு நல்ல வார்த்தை வந்துட்டா எனக்கு நிம்மதி. ஞாயித்துக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் இந்த வூட்ல எதையும் ஆரம்பிக்க மாட்டமுங்க. ஒரு ஃபோன் கூடப் பண்ண மாட்டம்.

முறுக்கு எடுத்துக்குங்க. நானே சுட்டது.

தரகர் சொன்னாருங்க. தரணியோட மொதக் கல்யாணம் ஏன் முறிஞ்சுதுன்னு நீங்க கேட்டீங்களாமா. கேக்கோணுமுங்க. பொண்ணைக் குடுக்கறவிங்க கேக்காம வேற யாரு கேப்பாங்க? கேட்டதுல எனக்கு வருத்தமே இல்லீங்க. மறைச்சுப் பேசற பழக்கம் எங்கூட்ல கிடையாது. நீங்களும் அந்த வீடியோவைப் பாத்திருப்பீங்க. பாக்காதவிங்க யாரு இருக்காங்க இந்த ஜில்லாவுல? ஹெலிகாப்டர் வந்து எறங்குதில்லைங்களா, அதுல ஒரு பொம்பளை சேலை பறக்க டப்பாவும் கையுமா ஓடறாளே, ஒரு மிலிட்டரிக்காரன் புடிச்சுத் தள்ளறானே, அது நாந்தானுங்க. அஞ்சு லட்சம் பேரு பாத்திருக்காங்களாமா. என்ன ஏதுன்னு தெரியாம அஞ்சு லட்சம் பேரும் சிரிச்சிருக்காங்க. அந்த வலி எனக்கு இன்னும் ஆறலீங்க அண்ணி. நெஜம் என்னன்னு நீங்களாவது கேளுங்க.

அந்தப் பொண்ணு பேரு மேகலா. குறை சொல்லக் கூடாது, வேலையில கெட்டி. காலேஜுல பாடம் சொல்லிக் குடுத்துட்டு இருந்தா. வூட்டு வேலைலயும் சோம்பல் இல்ல. சனிக்கிழமை ராத்திரியே மாவாட்டி வெச்சு, துணியெல்லாம் மடிச்சு வெச்சு, எங்கூட்டுக்காரரோட பிரஷர் மாத்திரைய வாரத்துக்கு டப்பாவுல பிரிச்சு வெச்சுட்டுத்தான் போவா. அதைச் சொல்லலைன்னா பாவமுங்க. ஆனா போறதுன்னு ஒண்ணு இருந்துச்சு. பாறை ஏறப் போவா.

கோயில் மலை ஏறறாப்பல இல்லீங்க. அதுன்னா நாமளும் ஏறுவோம். இது நட்டுக்கா நிக்கற பாறை. சுவத்துல பல்லி ஏறறாப்பல, இடுப்புல கயித்தைக் கட்டிட்டு ஏறறது. காலேஜுல படிக்கறப்பவே பழகிட்டாளாமா. பொண்ணு பாக்கப் போனப்ப அவளே சொன்னா, மாசத்துக்கு ஒருக்கா போவேன்னு. தரணி என்ன சொன்னான் தெரியுங்களா? 'எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, நானும் வர்றேன், கத்துக் குடுங்க'ன்னான். பொண்ணு பாக்கற எடத்துல பேசற பேச்சுதான அது. அதை அந்தப் பொண்ணு நெசம்னு நம்பிட்டு வந்துட்டா. கல்யாணமானப்பறம் ஒருக்காக் கூட அவன் போகல. அவனுக்கு ஞாயித்துக்கிழமைன்னா கிரிக்கெட்டுங்க. காலைல ஆறு மணிக்குப் போனா மத்தியானம் மூணு மணிக்குத்தான் வருவான். ஆம்பளைப் பையன், வாரம் பூராப் பண்ணையில கெடந்து சாகறான், ஒரு நாளு வெளையாடட்டுமேன்னு நான் எதுவும் சொல்றதில்ல.

இவ போறதுக்கு மட்டும் நான் ஒரு விசயந்தான் சொன்னனுங்க. தாலிய. பாறை ஏறறப்ப தாலிய கழட்டி பீரோவுல ஒரு டப்பாவுக்குள்ள வெச்சுட்டுப் போவா. கேட்டா, 'கொடி எங்கியாச்சும் மாட்டிக்கிட்டா கழுத்தை இறுக்கிரும் அத்தை'ம்பா. நான் ஒரு சொல்லு சொன்னா அவ ஒரு காரணம் வெச்சிருப்பா. நீங்களே சொல்லுங்க, தாலிய டப்பாவுல வெச்சுட்டுப் போனா எந்தக் கயிறு தாங்கும்?

இன்னொண்ணுங்க. போறப்பெல்லாம் பிரிட்ஜ் கதவுல ஒரு பேப்பரை ஒட்டிட்டுப் போவா. எந்தப் பாறை, எந்தப் பக்கமா ஏறறோம், கூட யாரு, எத்தனை மணிக்குக் கீழ எறங்குவோம், ஏதாச்சும் ஆச்சுன்னா எந்த நம்பருக்குக் கூப்புடோணும், எல்லாம் அதுல எழுதியிருக்கும். பாறை ஏறறவிங்க எல்லாரும் அப்படித்தான் வெச்சுட்டுப் போவாங்களாமா. அபசகுனமாட்ட இருக்குதுங்களா இல்லைங்களா? நல்ல நாளும் அதுவுமா, கண்ணுக்கு நேரா, 'ஏதாச்சும் ஆச்சுன்னா'ன்னு. நான் எப்பவும் அதைப் படிக்க மாட்டன்.

அது மாசி மாசமுங்க, போன வருசத்துக்கு முந்தின வருசம். வெள்ளைமொட்டைன்னு ஒரு பாறை, தர்மபுரி தாண்டி உள்ள போகோணும். ஆயிரத்து இருநூறு அடியாம். இவளும் ஷிபின்னு ஒரு மலையாளத்துப் பையனும். ஆமாங்க, பையன். ரெண்டு பேரும் ஒரே கயித்துல. அதுக்கும் நான் ஒண்ணும் சொல்லல. தரணியே சும்மா இருக்கறப்ப நான் ஏன் வாயைத் தொறக்கோணும்?

அன்னிக்கும் தரணி கிரிக்கெட்டு முடிச்சு மூணரைக்கு வந்தான். வெய்யில்ல வெந்து வந்திருக்கான். நான் மீன் வாங்கி மசால் தடவி வெச்சிருந்தன். அவன் குளிக்கப் போயிட்டான். வந்து உக்காந்தா சூடாப் போடலாம்னு நான் வறுத்துட்டு இருந்தன். வறுத்ததை எண்ணெய் வடிய எடுத்து வெக்க ஒரு பேப்பர் வேணுமில்லைங்களா? அவசரத்துக்கு பிரிட்ஜ்ல ஒட்டியிருந்தது கைக்கு வந்துச்சு. சமையக்கட்டுல நிக்கற பொம்பளைக்கு எல்லாப் பேப்பரும் ஒண்ணுதானுங்க.

அப்ப அவன் ஃபோன் அடிக்குது. இவதான். எங்கூட்ல அவன் சாப்புடற நேரத்துல ஃபோனு எங்கிட்டத்தான் இருக்குமுங்க, நிம்மதியா ரெண்டு வாயி திங்கட்டும்னு. எங்கையெல்லாம் மசாலு. சரின்னு மொழங்கையில தட்டி ஸ்பீக்கர்ல போட்டன்.

'மாமா'ங்கறா. தரணிய அப்படித்தான் கூப்புடுவா. 'மாமா இல்ல, நான் அத்தை'ன்னன். 'அத்தை, மாமாகிட்டக் குடுங்க'ன்னா. எடுத்த எடுப்புல. சாப்புட்டீங்களா, என்ன பண்றீங்க, ஒண்ணுமில்ல. எனக்கு அதுலயே சுருக்குன்னுச்சு. 'என்ன விசயம்னு எங்கிட்டச் சொல்லு'ன்னன். மேல இருந்து கல்லு பேந்து வுழுந்துருச்சாமா. கால்ல பட்டு எலும்பு வெளிய தெரியுதாமா. கயிறு பாதியில அறுந்து போச்சாமா. பையும் அதுல இருந்த தண்ணியும் அந்தப் பையன் ஃபோனும் கீழ போயிருச்சாமா. பாறைல பலகை அகலத்துக்கு ஒரு எடம், அதுல ரெண்டு பேரும் உக்காந்துட்டு இருக்காங்களாமா. ஏறவும் முடியாது, எறங்கவும் முடியாது. 'ஃபோன்ல சார்ஜ் மூணு பர்சென்ட்தான் இருக்குது அத்தை, பிரிட்ஜ்ல இருக்கற பேப்பர்ல நம்பர் இருக்குது, மாமாவை அதுக்குப் பேசச் சொல்லுங்க'ன்னு சொன்னா.

நான் பேப்பரைப் பாத்தன். அதுமேல மீனு இருக்குது.

நீங்களா இருந்தா என்ன கேப்பீங்க அண்ணி? ஒரு தாயா என்ன கேக்கோணுமோ அதைத்தான் நான் மொதல்ல கேட்டன். 'கழுத்துல தாலி இருக்குதா?'ன்னன். மறுக்காவும் கேட்டன். 'சொல்லு, இருக்குதா இல்லையா?' 'பீரோவுல இருக்குது அத்தை, மாமாகிட்டக் குடுங்க'ன்னா. பாத்தீங்களா! நான் எத்தனை நாளாத் தலைப்பாடா அடிச்சுக்கிட்டன். அன்னிக்குத்தானுங்க அவ நாயம் பேசாம நான் சொல்றதைக் கேட்டா. ஓடிப் போக எடமில்லை பாருங்க. எனக்கும் மனசுல இருந்ததையெல்லாம் சொல்லிர்றதுக்கு அப்பத்தான் நேரம் வந்துச்சு. கல்யாணமாயி ரெண்டு வருசமாகியும் வவுத்துல ஒண்ணும் இல்லாததுல இருந்து, சொந்தபந்தம் ஒறம்பரை வந்தா பேண்ட் சட்டையோட வந்து நிக்கறது வரைக்கும், ஒண்ணு விடாமச் சொன்னன். திட்டலீங்க. சத்தியமாத் திட்டல. பொறுமையா, ஒரு பெத்தவ சொல்றாப்பலத்தான் சொன்னன். நடுநடுவுல 'மாமாகிட்டக் குடுங்க அத்தை, மாமாகிட்டக் குடுங்க அத்தை'ன்னுட்டே இருந்தா. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. பின்னால அந்தப் பையன் வேற என்னமோ கத்தறான். அவங்கிட்ட எனக்கு என்ன பேச்சு?

கடைசில ஒண்ணே ஒண்ணு கேட்டன். 'இனிமே பாறை ஏற மாட்டேன்னு எம்மேல சத்தியம் பண்ணு, குடுக்கறன்'னன். பண்ணுனா. மூணு தடவை பண்ணச் சொன்னன், மூணு தடவையும் பண்ணுனா. அழுதுட்டே பண்ணுனா. அப்பறம்தான் ஃபோன் கட்டாயிருச்சு. சார்ஜ் போயிருச்சு. நான் என்னங்க பண்ணட்டும்? பதினொரு நிமிசம் பேசியிருக்கேன்னு பின்னால போலீஸ்காரன் கணக்குச் சொல்றான். பதினொரு நிமிசமும் நல்ல புத்திதான சொன்னேன்?

நூறுக்கு அடிச்சிருக்கலாமில்லைங்களா அவ? மூணு சார்ஜ் இருந்துச்சே. போலீஸும் அதைத்தான் கேட்டிருக்காங்க. அதுக்கு அவ என்ன சொன்னாளாமா, 'போலீஸுக்கு அடிச்சா நான் யாரு, எங்க இருக்கேன்னு எல்லாம் புரிய வெக்கோணும், எங்கூட்டுக்காரர்னா ஒரு வார்த்தை போதும்னு நெனச்சேன்'னாளாமா. நல்லாப் பேசுவாளுங்க.

ஃபோன் கட்டானப்பறம் நான் அடுப்பை அணைச்சு, கையைக் கழுவி நிமிந்தா மணி நாலு இருபத்தஞ்சு. அஞ்சு நிமிசத்துல ராகு காலம். இப்பப் போயி ஃபோன் பண்ணி, பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, அவன் எடுத்து எழுதறதுக்குள்ள நாலரை தாண்டிருமா இல்லைங்களா? உசுரு விசயமுங்க. ராகு காலத்துல ஆரம்பிச்ச காரியம் உருப்புடுமா? சாமானியக் காரியமா இருந்தாக்கூடப் போனாப் போகுதுன்னு பண்ணியிருப்பன். இது அவ உசுரு. அவமேல அக்கறை இல்லாட்டி நான் ஏனுங்க அத்தனை யோசிக்கோணும்? சாமி ரூம்புல வெளக்கைப் பத்த வெச்சுட்டு உக்காந்தவ, ஆறு அடிக்கற வரைக்கும் எந்திரிக்கல. முட்டி வலியோட.

ஆறு அடிச்சுது. தரணிகிட்டப் போயி, 'சாமி, எந்திரிச்சுப் பேசு'ன்னன். தரணி துடிச்சுப் போயிட்டான். பேப்பரு எண்ணெயில ஊறிப் போயிருந்தாலும் நம்பரு தெரிஞ்சுது. பேசுனான். அந்தப் பக்கம் பேசுனவன் என்ன கேட்டான் தெரியுங்களா? 'எப்ப நடந்துச்சு?'ன்னான். நாலு மணின்னு சொன்னதும், 'ஏன் சார் ரெண்டு மணி நேரம் கழிச்சுச் சொல்றீங்க? நாலே காலுக்குச் சொல்லியிருந்தா வெளிச்சத்துலயே ஹெலிகாப்டர்ல எடுத்திருக்கலாமே, இனிமே இருட்டுல பாறைக்குப் பக்கத்துல போக முடியாது, விடிஞ்சாத்தான்'னு ஒரே சத்தம். முன்னப் பின்ன தெரியாதவன், எம்பையனை அதட்டறான். எனக்குப் பொறுக்கல. ஃபோனை வாங்கி, 'உங்க வேலைய நீங்க பாருங்க, எங்க நேரங்காலம் எங்களுக்குத் தெரியும்'னு சொல்லிட்டு வெச்சுட்டன்.

அப்பவே கெளம்பலாம்னு பண்ணையில இருந்து வந்த எங்கூட்டுக்காரரு சொன்னாரு. பொழுதெறங்குன பொறவு மலைப்பக்கம் போயி என்ன பண்றது? அவ மேல இருக்கா, நாம கீழ நின்னா அவளுக்கு என்ன தெரியப் போகுது? தரணி தூக்கமில்லாம வண்டி ஓட்டி அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? சாப்புட்டுப் படுத்து, விடியக்காலம் அஞ்சு மணிக்கு, திங்கக்கிழமை ராகு காலத்துக்கு முன்னாலயே வூட்டை விட்டுக் கெளம்பிட்டமுங்க. இட்டிலி சுட்டு, பொடி தடவி டப்பாவுல எடுத்துக்கிட்டன். பீரோவைத் தொறந்து அந்தத் தாலி டப்பாவையும் எடுத்துக்கிட்டன்.

போயி எறங்கறப்ப மணி எட்டு. பாறையைப் பாத்ததும் எனக்குக் கழுத்து வலிச்சுப் போச்சுங்க, அண்ணாந்து அண்ணாந்து. அம்மாம் பெருசு. நடுவுல ஒரு எடத்துல செவப்பா ஒரு புள்ளி. அதான் உங்க மருமகள்னு ஒருத்தர் காட்டுனாரு. நானு அதைத் துணியோன்னு நெனச்சன். கீழ கூட்டம் ஜேஜேன்னு இருக்குது. டீக்கடை கூட வந்துருச்சு. கலெக்டர் ஆபீஸ்காரங்க, போலீஸு, ஃபயர் சர்வீஸு, எல்லாரும் நிக்கறாங்க. வூட்டுக்காரங்கன்னு சொன்னதும் ஒருத்தர் வந்து, 'ராத்திரி பூரா அந்தப் பையன் அப்பப்பக் குரல் குடுத்துட்டு இருந்தாங்க, அந்தப் பொண்ணு குரல் மூணு மணி வரைக்கும் கேட்டுச்சு'ன்னாரு. தண்ணி கேட்டிருக்கா. ராத்திரியே கயித்தைக் கட்டிட்டு மேல இருந்து எறங்கப் பாத்தாங்களாமா, பாறை நடுவுல வவுறு தள்ளி நிக்கறதுனால அவ இருக்கற எடத்துக்கு வர முடியலையாமா.

எட்டேகாலுக்கு ஹெலிகாப்டர் வந்துச்சு. சத்தம்னா சத்தம் அண்ணி, நெஞ்சு அதுருது. பாறைகிட்டப் போகுது, நிக்குது, ஆடுது, திரும்பி வருது. மறுக்காப் போகுது, மறுக்கா வருது. பனி வேற எறங்கி மூடிக்குச்சு. எறக்கை பாறைல தட்டிருச்சுன்னா எல்லாருமே போயிருவாங்களாமா. திரும்பிப் போயிருச்சுங்க. கூட்டமெல்லாம் அய்யோங்குது. நான் அங்க நின்ன ஆபீசர்கிட்டச் சொன்னன், 'திங்கக்கிழமை ஏழரை ஒம்போது ராகு காலமுங்க, ஒம்போது வரைக்கும் பொறுங்க'ன்னு. அவரு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு நகந்து போயிட்டாரு.

சரியா ஒம்போது பத்துக்கு மறுபடியும் வந்துச்சு பாருங்க! பனியெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. மேல நின்னுட்டுக் கம்பியை விட்டு ஒரு ஆளை எறக்குனாங்க. அந்த ஆளு தூரி ஆடறாப்பல முன்னுக்கும் பின்னுக்கும் ஆடி ஆடி, பாறைக்கு உள்ள போக, அந்த ஷிபின் பையன் எட்டி அவரு காலைப் புடிச்சு இழுத்துட்டான். பத்தே நிமிசம். அவளைச் சேத்துக் கட்டிட்டு அந்த ஆளு வெளிய வந்தாரு. அம்மாம் ஒசரத்துல ரெண்டு பேரும் அந்தரத்துல சுத்திக்கிட்டே மேல போறாங்க. கூட்டமெல்லாம் கை தட்டுச்சு. நானும் தட்டுனன். நான் சொன்னது ஒம்போது, எடுத்தது ஒம்போது பத்து. இப்பச் சொல்லுங்க, நேரம் பாக்கறது தப்புங்களா? ராகு காலத்துல போனது வெறுங்கையோட திரும்புச்சில்லைங்களா? இதை நான் அப்பறம் எத்தனையோ பேருகிட்டச் சொல்லிட்டன்.

பக்கத்துல அறுத்த சோளக்காட்டுல எறக்குனாங்க. அங்க ஒரு மிலிட்டரி டாக்டர் காத்துட்டு இருந்தாரு. நான் ஓடுனன். காத்துல சேலை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எதுக்கு ஓடுனன்? தாலிக்குத்தானுங்க. தரணி கையால அந்த எடத்துலயே கட்ட வெச்சுட்டா வந்த கெரகம் அதோட போயிரும்னு நெனச்சன். டப்பாவைத் தொறந்து, 'சித்தெ நிறுத்துங்க, ஒரே நிமிசம்'னு சொன்னன். அந்த டாக்டரு எந்தோளைப் புடிச்சுத் தள்ளுனாரு பாருங்க, சோளத்தட்டு மேல போயி வுழுந்தன். அதைத்தான் எவனோ படம் புடிச்சுப் போட்டுட்டான். அவளுக்குக் கால்ல அடி, எல்லாரும் அவளைத் தூக்கறாங்க. எனக்கு இடுப்புல அடி, ஒருத்தன் கை குடுக்கல.

தூக்கிட்டுப் போறப்ப அவ கண்ணைத் தொறந்தா. மூஞ்சியெல்லாம் சுண்ணாம்பு அடிச்சாப்பல இருக்குது, உதடு வெடிச்சுக் கெடக்குது. என்னைப் பாக்கல. தரணியத்தான் பாத்தா. பாத்துட்டு என்ன கேட்டா தெரியுங்களா? 'ரசம் நல்லா இருந்துச்சுங்களா மாமா?'ன்னு கேட்டா. அத்தனை கூட்டத்துக்கு நடுவுல. ரத்தம் போச்சுன்னா அப்படித்தான் ஒளறுவாங்களாமா, நர்ஸு சொன்னா. தரணி தலையைக் குனிஞ்சுட்டு செருப்புல ஒட்டுன மண்ணைத் தேச்சுட்டு நின்னான். பாவம், அவனுக்கு அதைக் கேக்கச் சங்கடமா இருந்திருக்கும்.

காலை எடுத்துட்டாங்க. முட்டிக்குக் கீழ. ரத்தக் கொழாய் நசுங்கிருச்சாமா, ஆறு மணி நேரத்துக்குள்ள கொண்டாந்திருந்தாக் காலை வெச்சிருக்கலாம், பதினேழு மணி நேரம் ஆயிப்போச்சுன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. டாக்டருங்க எதையாவது ஒண்ணைச் சொல்லத்தான் செய்வாங்க. உசுரோட வந்தாளா இல்லையா? அதைச் சொல்ல மாட்டாங்க.

அடுத்த தடவை ஹெலிகாப்டர்ல எறக்குன அந்தப் பையன் போலீஸுல எழுதிக் குடுத்துட்டான். போலீஸு வூடு வரைக்கும் வந்துச்சு. தரணி குளிச்சுட்டு இருந்தான், அவனுக்குத் தெரியாது, எனக்கு வயசாச்சு, பதட்டத்துல மறந்துட்டன்னு சொன்னமுங்க. வக்கீலு அப்படித்தான் சொல்லச் சொன்னாரு. அதோட விட்டுட்டாங்க. விவாகரத்து அவளே கேட்டா. ரெண்டு பக்கமும் சம்மதம்னு சுமூகமா முடிஞ்சுது. கோர்ட்டுக்குக் கட்டையை ஊனிட்டு வந்தா. தரணியப் பாத்து ஒரு வார்த்தை கேக்கல, திட்டல, அழல. அத்தனை கல்நெஞ்சு.

இதைக் கேளுங்க அண்ணி, இதான் எனக்கு ஆறவே இல்ல. போன மாசம் ஒருத்தங்க ஃபோன்ல படம் காட்டுனாங்க. பொய்க்காலு போட்டுட்டு மறுபடியும் பாறை ஏறறாளாமா! அந்த ஷிபின்தான் கீழ கயிறு புடிச்சுட்டு நிக்கறான். எம்மேல மூணு தடவை சத்தியம் பண்ணுனவ! அதுக்கப்பறந்தான எனக்கு சுகரே கூடுச்சு. வாக்குன்னா அவளுக்கு அவ்வளவுதானுங்க. அப்படியாப்பட்ட பொண்ணோட எம்பையன் எப்படி வாழ்ந்திருப்பான்?

உங்க பொண்ணு அப்படி இல்லைன்னு பாத்ததுமே தெரிஞ்சுட்டன். ஞாயித்துக்கிழமையானா பத்துக் கிலோமீட்டர் ஓடுதாமா? தரகர் சொன்னாரு. ஓடட்டும் ஓடட்டும், கல்யாணம் வரைக்கும் ஓடட்டும். தரணி கூடச் சொன்னான், 'எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, நானும் கூட வந்து ஓடறேன்'னு.

ஏனுங்க அண்ணி, காப்பிய எடுக்கவே இல்லையே. ஆறுதுங்க.

என்ன கேட்டீங்க? தரணிக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பான்னா?

அண்ணி, நாளைக்கு ஒரே குடும்பமாகப் போறோம். உங்ககிட்ட மறைச்சு எனக்கு என்ன ஆகப் போகுது? எம்பையன் கொணம் உங்களுக்கு நல்லாத் தெரியோணும், அதனால சொல்றனுங்க. போலீஸுக்குத்தான் குளிச்சுட்டு இருந்தான்னு சொன்னோம். அவன் அப்பவே குளிச்சுட்டு வந்து உக்காந்துட்டான். இதா, இந்தச் சேர்லதான். எனக்கு எதிர்க்க. மீனைத் தின்னுட்டு இருந்தான். ஸ்பீக்கர்லதான போட்டிருந்தன், எல்லாந்தான் கேட்டுச்சு. பதினொரு நிமிசமும் எம்பேச்சுக்கு நடுவுல ஒரு வார்த்தை பேசலீங்க. வேற பையனா இருந்தா என்ன பண்ணியிருப்பான்? பொண்டாட்டி அழுகறான்னு எங்கையில இருந்து ஃபோனைப் புடுங்கியிருப்பான். எம்பையன் என் முகத்தைப் பாத்தான், நான் இரு சாமின்னு கை காட்டுனன், இருந்துட்டான். 'அம்மா, ரசம்'னு மட்டும் ஒருக்காக் கேட்டான். அவ்வளவுதான். அப்பறம் ஆறு மணி வரைக்கும் டிவில மேட்ச் பாத்துட்டு இருந்தான். ரெண்டு தடவை மணியப் பாத்தான். 'ராகு காலம் சாமி'ன்னன். 'சரிம்மா'ன்னான். இந்தக் காலத்துல அம்மா பேச்சுக்கு இப்படி ஒரு மட்டு மரியாதை குடுக்கற பையனை நீங்க எங்க தேடுனாலும் கெடைக்காதுங்க. அவங்கிட்டக் கட்டிக் குடுத்தா உங்க பொண்ணுக்கு ஒரு கொறையும் இருக்காது.

எங்கீங்க எந்திரிச்சுட்டீங்க?

ஆம்பளைங்க இன்னும் வரலீங்களே. அண்ணி, மணியப் பாருங்க, நாலு முப்பத்தஞ்சு ஆயிப்போச்சு. பேச்சு சுவாரசியத்துல நானும் கவனிக்கல. ராகு காலம் புடிச்சிருச்சுங்க, இப்பப் போயி படியெறங்கக் கூடாது. நல்ல காரியத்துக்கு வந்துட்டு இப்படி எந்திரிச்சா நல்லாவா இருக்கும்? உக்காருங்க. செருப்பு எங்கீங்க ஓடிப் போயிரும், உக்காருங்கறன்.

யாருக்குங்க ஃபோன் பண்றீங்க? பொண்ணுக்குங்களா? அதுக்கு இப்ப என்னங்க அவசரம்? வைங்க அண்ணி, ஆறு மணிக்கு மேல பேசிக்கலாமுங்க.